நீளும் தகுதிகாண் பருவம்: முடிவு சொல்லாத நிர்வாகமும் காத்திருக்கும் ஊழியரும்

கொல்கத்தாவின் டல்ஹௌசி சதுக்கத்துப் பழைய அலுவலகங்களிலும் சரி, சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரின் கண்ணாடிக் கட்டடங்களிலும் சரி, பணி நியமனக் கடிதத்தில் ஏறக்குறைய ஒரே வாசகத்தைத்தான் பார்க்க முடியும். முதல் ஆறு மாதம் தகுதிகாண் பருவம். தேவைப்பட்டால் நிர்வாகம் அதை நீட்டிக்கலாம். எழுத்துமூலம் உறுதிசெய்யும்வரை ஊழியர் அதே பருவத்தில் இருப்பதாகவே கொள்ளப்படும். முதல் பகுதியைச் சேருபவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். வம்பு வருவது மற்ற இரண்டு பகுதிகளில்தான். ஆறு மாதம் ஒன்பதாகிறது, ஒன்பது பன்னிரண்டாகிறது. சில இடங்களில் நீட்டிப்புக் கடிதம்கூட வருவதில்லை. கன்ஃபர்மேஷன் என்ன ஆயிற்று என்று கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்று ஹெச்.ஆர். சொல்லும்.

இந்த இடைக்காலத்தில் அந்த ஊழியரின் நிலை என்ன? பருவம் முடிந்த மறுநாள் அவர் தானாகவே நிரந்தரமாகிவிடுகிறாரா? இல்லையென்றால், எத்தனை ஆண்டுவரை அவரை இப்படியே வைத்திருக்கலாம்? காரணம் சொல்லாமல் அனுப்பிவிடலாமா? சுதந்திர இந்தியாவின் நீதிமன்றங்கள் ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாக இவற்றுக்குப் பதில் சொல்லி வந்திருக்கின்றன. பதில்கள் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்துவதில்லை. ஆனால் சேர்த்து வைத்துப் படித்தால் ஒரு சாய்வு தெரிகிறது. வேலை எப்படி முடிந்தது என்பதை நீதிபதிகள் நுணுகி நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். காத்திருப்பு ஏன் நீண்டது என்று அந்த அளவுக்குக் கேட்டதில்லை.

## தொடக்கம்: அரசுப் பணியிலிருந்து வந்த சட்டம்

தகுதிகாண் பருவம் பற்றிய இந்தியச் சட்டம் பெரும்பாலும் அரசு ஊழியர் வழக்குகளில் உருவானது. அரசியல் சாசனத்தின் 311ஆம் பிரிவு, விசாரணை நடத்தாமல் அரசு ஊழியரைத் தண்டனையாக நீக்கக் கூடாது என்கிறது. நிரந்தரமாகாதவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டா என்ற கேள்வி 1957 நவம்பரில் தீர்ப்பான புருஷோத்தம் லால் தீங்ரா வழக்கில் எழுந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி சுதி ரஞ்சன் தாஸ். சாந்திநிகேதனின் ஆரம்பகால மாணவர், பின்னாளில் விஸ்வபாரதியின் துணைவேந்தரும் ஆனவர். அவர் வகுத்த கோடு இது: தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்குப் பதவியின் மீது உரிமை கிடையாது; எனவே விதிப்படி அனுப்புவது தண்டனை ஆகாது. ஆனால் ஒழுங்கீனம் என்று குற்றம் சுமத்தி அனுப்பினால் அது தண்டனை. அங்கே விசாரணை வேண்டும். நீதிபதி விவியன் போஸ் உடன்படவில்லை. ஊழியருக்கு நேர்ந்த தீய விளைவைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. பிற்காலத் தீர்ப்புகள் பலவற்றில் இந்த மாறுபட்ட குரலின் சாயல் இருக்கிறது.

தொழிற்சாலைகளின் கதை வேறு. ஹூக்ளி நதிக்கரைச் சணல் ஆலைகளில் தகுதிகாண் பருவம் என்ற பேச்சே குறைவு. அங்கே நிலவியது 'பத்லி' முறை. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவர் இடத்தில் நிற்பவர் பத்லி. ஆண்டுக்கணக்கில் பத்லியாகவே வேலை செய்தவர்கள் ஏராளம். அலுவலக மேசையின் நீட்டிப்புக் கடிதமும் ஆலை வாசலின் பத்லி அட்டையும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு. நிரந்தரம் தருவதைத் தள்ளிப்போடுவதில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இந்த ஒற்றுமையைச் சட்டம் எவ்வளவு தூரம் கண்டுகொண்டது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

## மௌனம் யாருக்குச் சாதகம்?

பருவம் முடிந்தது, உறுதிசெய்யவும் இல்லை, நீக்கவும் இல்லை, ஊழியர் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார். இதுதான் மையச் சிக்கல்.

பழைய நிலைப்பாடு நிர்வாகத்துக்குச் சாதகமானது. 1962இல் சுக்பன்ஸ் சிங் வழக்கில், பருவம் முடிந்ததாலேயே ஒருவர் நிரந்தரமாகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தனியார் துறைக்கு இதே தர்க்கத்தைக் கொண்டுவந்தது நம்மூர் வழக்கு ஒன்று: எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் நிறுவனத்துக்கும் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கும் இடையே 1960களின் தொடக்கத்தில் நடந்தது. ஆறு மாதப் பருவம் முடிந்தபின் நிர்வாகம் எதுவும் சொல்லாவிட்டால், ஊழியர் தகுதிகாண் பருவத்தினராகவே தொடர்கிறார் என்று அதில் முடிவானது. இன்றும் நியமனக் கடிதங்களில் வரும் 'எழுத்துமூலம் உறுதிசெய்யும்வரை' என்ற சொற்றொடரின் பின்னே நிற்பது இந்தத் தர்க்கம்தான். அதே தீர்ப்பு ஊழியருக்கும் ஒன்றைத் தந்தது. ஆறு மாதம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, தக்க காரணமின்றி நடுவிலேயே அனுப்பிவிட முடியாது என்றது. இந்தப் பாதியை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு.

எதிர்த்திசையில் திரும்பியது 1968இன் தரம் சிங் வழக்கு. பஞ்சாப் கல்வித் துறை விதிகள், நீட்டிப்பையும் சேர்த்து மூன்றாண்டுக்கு மேல் தகுதிகாண் பருவம் கூடாது என்றன. அந்த எல்லையைத் தாண்டியும் ஆசிரியர்கள் பணியில் தொடர்ந்தார்கள். அரசியல் சாசன அமர்வின் வாதம் எளிமையானது: எல்லைக்கு மேல் தகுதிகாண் பருவம் இருக்கவே முடியாது என்று விதி சொன்னபின், தொடர்ந்து வேலை வாங்கியதை உறுதிசெய்ததாகவே கொள்ள வேண்டும். மௌனத்தின் விலையை இங்கே நிர்வாகம் கொடுத்தது.

இரண்டு கோடுகளுக்கும் நடுவே தீர்ப்புகள் பெருகின. 2001இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் எதிர் சத்ய நாராயண் ஜாவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டியது. உச்ச எல்லை சொல்லாத விதி என்றால் தானாக நிரந்தரம் இல்லை. எல்லை சொல்லி, அதற்கு மேல் எதையும் கோராத விதி என்றால் நிரந்தரம் ஆனதாகக் கொள்ளலாம். எல்லை சொல்லி, கூடவே தேர்வில் தேறுவது, தனி உத்தரவு பெறுவது போன்ற நிபந்தனையும் விதித்திருந்தால், நிபந்தனை நிறைவேறாமல் நிரந்தரம் இல்லை.

பகுப்பு தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒரு விதி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முடிவுசெய்வது அவ்வளவு தெளிவில்லை. உதகை அருகே லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கைப் பாருங்கள். பள்ளியின் விதி, தகுதிகாண் பருவம் ஓராண்டு, அதை இரண்டாண்டுவரை நீட்டிக்கலாம் என்றது. எல்லை இருக்கிறது, எல்லை தாண்டியும் பணியில் இருந்தார், எனவே நிரந்தரம் ஆனவர் என்று சென்னை உயர் நீதிமன்ற அமர்வு கருதியது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அதே விதியின் அடுத்த வாக்கியம், நியமனம் பெற்றவர் 'உறுதிசெய்யப்பட்டால்' ஓய்வு வயதுவரை தொடர்வார் என்றிருந்தது; அந்த நிபந்தனைச் சொல் இருப்பதால் தனி உத்தரவு அவசியம் என்று முடிவானது. ஒருவர் நிரந்தரமா இல்லையா என்பது விதியை வரைந்தவர் போட்ட ஒரு விகுதியில் தொங்குகிறது. விதியை வரைபவரோ எப்போதும் நிர்வாகத்தின் ஆள். நிரந்தரம் ஆனதாகக் கொள்ளும் கோட்பாட்டின் பெரிய பலவீனம் இதுவே என்று தோன்றுகிறது. ஒரு வரி சேர்த்தால் போதும், அது செயலிழந்துவிடும்.

அரசுப் பணியில் இந்த இடைவெளியை நிர்வாக அறிவுறுத்தல்கள் ஓரளவு அடைக்கின்றன. இயல்பான பருவத்தைப் போல இரு மடங்குக்கு மேல் எவரையும் வைத்திருக்கலாகாது, பருவம் முடிந்த ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது மத்தியப் பணியாளர் துறையின் பொது வழிகாட்டுதல். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் மூன்றாண்டுத் தொடர் காலத்துக்குள் ஈராண்டுப் பணி என்ற கணக்கு பலருக்கும் தெரிந்தது. தனியார் அலுவலகத்தில் இதற்கு இணையாக எதுவும் இல்லை.

## தீப்பெட்டி ஆலையின் காவலாளி

இல்லை என்று சொன்னதை உடனே திருத்த வேண்டியிருக்கிறது. தொழிற்சாலைகளுக்கு ஒன்று உண்டு: 2025 நவம்பர்வரை நடப்பில் இருந்த, 1946ஆம் ஆண்டின் தொழில் வேலைவாய்ப்பு நிலையாணைகள் சட்டம். அதன்கீழ் வந்த மத்திய மாதிரி நிலையாணைகள், அதாவது ஆலைகளுக்கான மாதிரிப் பணி விதிகள், தகுதிகாண் பருவத்தை மூன்று மாதம் என்று வைத்தன. மூன்று மாதத்தைத் திருப்தியாக முடித்தவர் நிரந்தரத் தொழிலாளி.

நிலையாணைக்கும் நியமனக் கடிதத்துக்கும் முரண் வந்தால் எது வெல்லும் என்பதை 1973இல் விம்கோ வழக்கு தீர்த்தது. சென்னை திருவொற்றியூர்ப் பக்கம் இன்று மெட்ரோ நிலையத்தின் பெயரில் வாழும் அதே விம்கோ தீப்பெட்டி நிறுவனம்தான். வழக்கு எழுந்தது உத்தரப் பிரதேச ஆலையில். 1965இல் காவல் பிரிவில் சேர்ந்த ஒருவருக்கு ஆறு மாதப் பருவம் என்று கடிதம் கொடுத்தார்கள், பிறகு இரண்டு மாதம் நீட்டித்தார்கள், 1966இல் அனுப்பிவிட்டார்கள். ஆலையின் நிலையாணையோ இரண்டு மாதத்தைத்தான் அனுமதித்தது. தொழிலாளி கையெழுத்திட்டுச் சம்மதித்திருந்தாலும் நிலையாணைக்கு முரணான தனி ஒப்பந்தம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். வேலை தேடி வருபவருக்குப் பேரம் பேசும் வலு இல்லை, அதனால்தான் இந்தச் சட்டமே வந்தது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை.

நீட்டிப்பு என்ற செயலையே நேருக்கு நேர் கேள்வி கேட்ட தீர்ப்புகளில், என் கணிப்பில், இதுவே வலுவானது. அதன் எல்லை சட்டத்தின் எல்லைதான். நிலையாணை இருக்கும் நிறுவனத்துக்கு மட்டுமே அது பொருந்தும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, நிலையாணை கட்டாயமாகும் வரம்பை 300 தொழிலாளர்கள் என்று உயர்த்தியிருக்கிறது. பழைய மத்தியச் சட்டத்தின் வரம்பு 100. ஐந்தாம் செக்டாரின் நடுத்தர நிறுவனங்களும் ஹவுராவின் சிறு பொறியியல் பட்டறைகளும் பெரும்பாலும் இந்த வரம்புக்குக் கீழே நிற்பவை. விம்கோ தீர்ப்பை யாரும் ரத்துசெய்யவில்லை. அது நிற்கும் நிலப்பரப்பு சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

## சால்ட் லேக்கிலிருந்து ஒரு வழக்கு

நீட்டிப்பிலிருந்து நீக்கத்துக்கு வருவோம். இங்கே கொல்கத்தாவின் பெயர் இந்தியா முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. சால்ட் லேக்கில் உள்ள சத்யேந்திரநாத் போஸ் தேசிய அடிப்படை அறிவியல் மையத்தில் அலுவலகக் கண்காணிப்பாளராகச் சேர்ந்த ஒருவரின் தகுதிகாண் பருவம் நீட்டிக்கப்பட்டது. பிறகு 1997 ஏப்ரலில் அவர் நீக்கப்பட்டார். நீக்க உத்தரவு அவர் வேலை திருப்தியாக இல்லை என்ற தோரணையில் இருந்தது. கூடவே அதற்கு முன் அனுப்பிய சில கடிதங்களையும் சுட்டியது. அந்தக் கடிதங்களுக்குள் போனால், முறைசாரா விசாரணை ஒன்று அவரைக் குற்றவாளி என்று கண்ட செய்தி இருந்தது.

கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் அவருக்குப் பலன் கிடைக்கவில்லை. 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்தியது. முதலாவது, ஊழியரின் நற்பெயருக்கு நேரும் களங்கம் உத்தரவிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை. உத்தரவு சுட்டும் பழைய தாள்களில் இருந்தாலும் போதும். நாளை வேறு வேலைக்குப் போகும்போது புதிய முதலாளி அந்தத் தாள்களைக் கேட்கலாம் அல்லவா? இரண்டாவது, குற்றச்சாட்டு நீக்கத்துக்கு வெறும் தூண்டுதலா, அடித்தளமா என்ற வேறுபாடு. ஒருவர் மேல் புகார் இருக்கிறது, அதை விசாரித்து நேரம் வீணாக்க விரும்பவில்லை, பருவம் முடிந்ததும் அனுப்பிவிடுகிறோம் என்றால் அது தூண்டுதல்; நீக்கம் செல்லும். முதுகுக்குப் பின்னால் விசாரித்து, குற்றவாளி என்று முடிவுகட்டி, அதன் பேரில் அனுப்பினால் அது அடித்தளம். முறையான விசாரணை இல்லாத நீக்கம் செல்லாது. அந்த நீக்கம் ரத்தானது.

இந்தப் பார்வைக்கு 1974இன் சம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு வழி திறந்திருந்தது. உத்தரவின் வடிவம் முக்கியமில்லை, உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னது அதுதான். பிற்பாடு 2001இல் லக்னோவின் சஞ்சய் காந்தி மருத்துவ மையம் தொடர்பான வழக்கில் மூன்று அடையாளங்கள் தொகுக்கப்பட்டன. முழு அளவிலான விசாரணை, ஒழுங்கீனம் பற்றிய குற்றச்சாட்டு, குற்றம் நிரூபணம் என்ற முடிவு. மூன்றும் சேர்ந்திருந்தால்தான் நீக்கம் தண்டனையாகும். வேலை திருப்தியில்லை என்று எழுதுவது மட்டும் களங்கம் ஆகாது.

இந்தக் கோட்பாட்டுத் தொகுதியின் மீது நெடுநாளாக ஒரு விமர்சனம் உண்டு, அது நியாயமானது. தூண்டுதலும் அடித்தளமும் எங்கே பிரிகின்றன என்பது வழக்குக்கு வழக்கு மாறுகிறது. ஒரே மாதிரி உண்மைகளில் ஒருவர் வெல்கிறார், மற்றவர் தோற்கிறார். அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. குறைவாகச் சொல்லும் நிர்வாகமே பாதுகாப்பாக இருக்கிறது. காரணம் எழுதினால் களங்கம் என்பார்கள். 'உங்கள் பணி இனித் தேவையில்லை' என்று ஒரு வரி எழுதினால் வழக்குக்கு இடமே இல்லை. வழக்கறிஞர்கள் நிர்வாகங்களுக்கு இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். ஊழியரைக் காக்க வந்த சட்டம் அவருக்குக் காரணம் கிடைக்காமல் செய்துவிட்டது. எங்கே தவறினோம், எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று அறியாமலேயே வெளியேறுகிறவர்கள் பெருகியதில் இந்தச் சட்டப் போக்குக்கும் பங்கு உண்டு என்று சொல்லலாம். திறமையைப் பற்றிக் காரணம் எழுதுவதும் நடத்தையைப் பற்றிக் குற்றம் சாட்டுவதும் ஒன்றில்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்னாலும், நிர்வாகங்களின் பயம் தீர்ந்தபாடில்லை.

## 240 நாள் என்ற நம்பிக்கை

தொழிலாளர்களிடையே பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம்: 240 நாள் வேலை செய்துவிட்டால் நிரந்தரம். சட்டம் அப்படிச் சொன்னதில்லை. தொழில் தகராறுகள் சட்டத்தில் 240 நாள் கணக்கு ஆட்குறைப்புக்கான முன்னறிவிப்பையும் இழப்பீட்டையும் தந்தது, நிரந்தரத்தை அல்ல. அந்தப் பயனும் தகுதிகாண் பருவத்தினருக்கு உறுதியில்லை என்று 1994இல் ஆயுள் காப்பீட்டுக் கழக வளர்ச்சி அதிகாரி ஒருவரின் வழக்கில் தெரிந்தது. அவருக்கு ஓராண்டுப் பருவம், மேலும் ஓராண்டு நீட்டிப்பு. முடியும் தறுவாயில் நீக்கம். நியமன நிபந்தனைப்படி முடிவதால் அது ஆட்குறைப்பே ஆகாது என்று, 1984இல் சேர்க்கப்பட்ட விதிவிலக்கைக் காட்டி உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் மட்டும் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்த தொழிலாளி நிரந்தரமாவார் என்கிறது. சென்னைக்குப் பொருந்தும் இந்தக் கணக்கை நம்பிக் கொல்கத்தாவில் வழக்குப் போட முடியாது.

## காத்திருக்கத் தேவையில்லாத உரிமைகள்

நிரந்தரம் பற்றிய சண்டையில் மறைந்துபோவது ஒன்று: பல உரிமைகள் கன்ஃபர்மேஷனுக்குக் காத்திருப்பதில்லை. வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ. காப்பீடும் (மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய்) சேர்ந்த நாளிலிருந்தே பொருந்தும். பருவம் முடிந்த பிறகுதான் பி.எஃப். என்று சொல்லும் நிறுவனம் சட்டத்தை மீறுகிறது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் இதே நிலை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, ஊழியர் யார் என்று வரையறுக்கும்போது தகுதிகாண் பருவத்தினரையும் பயிற்சியாளரையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. வேலை நிலையற்றவர்தான் புகார் செய்ய அதிகம் தயங்குவார் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்த அபூர்வமான இடம் அது.

மகப்பேறு உரிமைக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 1991இல் தீர்ப்பான நீரா மாத்தூர் வழக்கு இங்கே நினைவுக்கு வர வேண்டும். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் தகுதிகாண் பருவத்தில் இருந்த அவர் மகப்பேறு விடுப்பு எடுத்துத் திரும்பியபோது பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். சேரும்போது கொடுத்த உறுதிமொழிப் படிவத்தில் மாதவிலக்கு, கருத்தரிப்பு விவரங்களைச் சரியாகச் சொல்லவில்லை என்பதே காரணமாகக் காட்டப்பட்டது. அந்தக் கேள்விகளே பெண்ணின் தன்மானத்துக்கு இழுக்கு என்று கண்ட உச்ச நீதிமன்றம், அவரைத் திரும்பச் சேர்க்கவும் படிவத்திலிருந்து அக்கேள்விகளை நீக்கவும் சொன்னது. தகுதிகாண் பருவத்தில் காரணம் சொல்லத் தேவையில்லை என்ற வாதம், பாகுபாட்டின் முன் நிற்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு.

## தொழிலாளி அல்லாதவர்

மேலே சொன்ன தொழிற்சட்டப் பாதுகாப்புகளில் பல 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவருக்கே. மேலாளருக்கு அவை இல்லை. மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறுபவருக்கும் புதிய சட்டத்தொகுப்பில் இல்லை. தனியார் பள்ளி ஆசிரியர் தொழிலாளி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே சொல்லிவிட்டது. இவர்களுக்கு மிஞ்சுவது ஒப்பந்தச் சட்டம். அது தனியார் முதலாளியிடம் வேலையைத் திரும்ப வாங்கித் தராது. முன்னறிவிப்புக் காலச் சம்பளத்தைத் தரலாம்.

1986இல் இன்னொரு கொல்கத்தா வழக்கு இந்தச் சுவரில் துளையிடும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ஆற்றுவழிப் போக்குவரத்து நடத்திய சென்ட்ரல் இன்லாண்ட் வாட்டர் டிரான்ஸ்போர்ட் கார்ப்பரேஷனின் பணி விதி, மூன்று மாத முன்னறிவிப்பில் நிரந்தர ஊழியரையும் காரணமின்றி அனுப்பலாம் என்றது. பேர வலு அறவே சமமில்லாத இருவருக்கு இடையிலான, மனச்சாட்சிக்கு ஒவ்வாத நிபந்தனை செல்லாது என்று பிரஜநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சொன்ன தத்துவம் பெரியது. ஆனால் அந்த நிறுவனம் அரசின் அங்கம் என்று கருதப்பட்டது. முழுத் தனியார் நிறுவனத்தின் நியமனக் கடிதத்தில் 'எத்தனை முறை வேண்டுமானாலும் நீட்டிக்கலாம்' என்று எழுதியிருந்தால், அதுவும் மனச்சாட்சிக்கு ஒவ்வாததா என்ற கேள்விக்கு இந்தத் தத்துவம் இன்னும் எட்டவில்லை.

## எல்லை வகுத்த நாடுகள்

பிற நாடுகள் பெரும்பாலும் நாள்காட்டியை நம்புகின்றன. சீனாவின் 2008 தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம் ஒப்பந்த நீளத்துக்கேற்ப ஒன்று, இரண்டு அல்லது அதிகபட்சம் ஆறு மாதம் என்கிறது. ஒரு முதலாளி ஒரே ஊழியருக்கு ஒரு முறைதான் பருவம் விதிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 நெறிமுறை பொதுவாக ஆறு மாதத்தை எல்லையாக்குகிறது. பிரான்ஸில் 26 வயதுக்குட்பட்டவரை ஈராண்டு சோதனைக் காலத்தில் வைக்க 2006இல் கொண்டுவந்த சட்டம், மாணவரும் தொழிற்சங்கங்களும் தெருவில் இறங்கியபின் கைவிடப்பட்டது. பிரிட்டனில் நியாயமற்ற நீக்கத்துக்கு எதிராக முறையிட ஈராண்டுப் பணி தேவை என்ற நிலை, 2027 ஜனவரி முதல் ஆறு மாதமாகிறது. இலங்கையின் 1971ஆம் ஆண்டுச் சட்டம், 15 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களில், 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை அவர் சம்மதமோ தொழில் ஆணையர் அனுமதியோ இன்றி ஆட்குறைப்புச் செய்யத் தடை விதிக்கிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158ஆவது உடன்படிக்கை (1982) தகுதிகாண் பருவத்தினரைப் பாதுகாப்பிலிருந்து விலக்கி வைக்க நாடுகளுக்கு அனுமதி தருகிறது. ஆனால் பருவம் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டதாகவும் நியாயமான அளவினதாகவும் இருக்க வேண்டும். இந்தியா இதை ஏற்கவில்லை. எல்லை வகுப்பதிலும் சங்கடம் உண்டு. எல்லை நெருங்கும்போது, சந்தேகம் இருக்கும் ஊழியருக்கு இன்னொரு வாய்ப்புத் தராமல் அனுப்பிவிடும் போக்கு வரலாம் என்பது முதலாளிகள் தரப்பு வாதம். அதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. நீட்டிப்பு சில வேளை கருணையாகவும் இருக்கிறது. நோயிலோ பிரசவத்திலோ மாதங்களை இழந்தவருக்கு அது உதவியாகவும் அமையலாம்.

## முடிவாகாதவை

இப்போதைய நிலையில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: நிலையாணை உள்ள இடத்தில் அதை மீறிய நீட்டிப்பு செல்லாது. விதியில் எல்லை இருந்து வேறு நிபந்தனை இல்லாவிட்டால் நிரந்தரம் ஆனதாக வாதாட இடமுண்டு. ஒழுங்கீனக் குற்றத்தை அடித்தளமாகக் கொண்ட நீக்கத்துக்கு எதிராக அரசுசார் நிறுவன ஊழியருக்கு வலுவான வழக்கு இருக்கிறது. எஞ்சியவர்களுக்கு நியமனக் கடிதமே சட்டம். அந்தக் கடிதத்தை எல்லாத் தொழிலாளர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இப்போது கட்டாயமாக்கியிருப்பது சிறிய முன்னேற்றம். நீட்டிப்புக்குக் காரணம் எழுத வேண்டும், அதையும் பருவம் முடியும் முன் கொடுக்க வேண்டும் என்று எந்தத் தொகுப்பும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மேலே கண்ட வழக்குகளில் பாதி எழுந்திருக்காது என்பது என் ஊகம்.

மேற்கு வங்கத்தில் இன்னொரு நிச்சயமின்மையும் உண்டு. மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளையும் எதிர்த்த மாநில அரசு, 2025 இறுதிவரை தன் பங்குக்கான விதிகளை வகுக்காமல் விலகியே நின்றது. மத்தியச் சட்டம் நடைமுறையில், மாநில விதிகள் இல்லை என்ற நிலையில், கொல்கத்தா கிரண் சங்கர் ராய் சாலையின் தொழில் தீர்ப்பாயங்களில் பழைய நடைமுறைக்கும் புதிய வாசகத்துக்கும் இடையே என்ன இணக்கம் காணப்படும் என்பதை வழக்குகள்தான் காட்ட வேண்டும்.

மிகவும் திறந்திருக்கும் கேள்வி, பத்லிகளைப் பற்றிய பழைய ஷரத்திலிருந்து வருகிறது. நிரந்தரத் தொழிலாளரின் நிலையையும் சலுகைகளையும் மறுக்கும் நோக்கத்தோடு ஒருவரைப் பத்லியாகவோ தற்காலிகமாகவோ ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது முறையற்ற தொழில் நடைமுறை என்று பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை சொன்னது; புதிய தொகுப்பும் அதைத் தக்கவைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் தகுதிகாண் பருவத்தினர் பெயர் இல்லை. நான்காவது முறையாக நீட்டிப்புக் கடிதம் வாங்கும் ஒருவரை அந்த ஷரத்தின் 'தற்காலிகம்' என்ற சொல்லுக்குள் சேர்க்க முடியுமா? முடியும் என்பதற்கு ஷரத்தின் நோக்கம் துணை நிற்கிறது. முடியாது என்பதற்கு அதன் எழுத்தும், தகுதிகாண் நியமனத்தைத் தனி வகையாகவே பார்த்துவந்த தீர்ப்புகளும் துணை நிற்கின்றன. அப்படியே சேர்த்தாலும், நிர்வாகத்தின் நோக்கத்தை நிரூபிக்கும் சுமை ஊழியர் தலையில்தான் விழும். கையில் அவருக்கு இருப்பதோ காரணம் எழுதாத நாலு கடிதங்கள்.